நோக்கியா போன பிறகு வந்த வேலைகள் யாருக்குப் போயின?

கேட்ட கேள்வி இதுதான்: “ஒரு பெரிய கம்பெனி மூடிவிட்டுப் போனால், அந்த வட்டாரத்தில் போன வேலைகளுக்கு ஈடாக அரசு உண்மையிலேயே வேறு வேலை கொண்டுவருகிறதா, இல்லை பேப்பரில் அறிக்கை வருவதோடு சரியா? மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்?”

வேலை வருகிறது. நம் பக்கத்தில் போனதைவிடப் பல மடங்காகவே வந்திருக்கிறது. ஆனால் வேலை இழந்த அதே ஆட்களுக்கு அது பெரும்பாலும் வருவதில்லை. “இத்தனை ஆயிரம் வேலைகளை உருவாக்கியிருக்கிறோம்” என்று அமைச்சர் சொல்வதும் பொய்யில்லை, எட்டு வருடம் லைனில் நின்றவர் “எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை சார்” என்று சொல்வதும் பொய்யில்லை. அவர் மாவட்டக் கணக்கைப் பார்க்கிறார், இவர் வீட்டுக் கணக்கைப் பார்க்கிறார். நான் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் பல வருடங்களாகக் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் தொழிலில் இருப்பவன். அதனால் இந்த இரண்டாவது கணக்குதான் எனக்கு நெருக்கமாகத் தெரியும், என் பதிலும் அந்தப் பக்கமே சாயும்.

நோக்கியாவை எடுத்துக்கொள்கிறேன். 2008-லிருந்து 2014-க்குள் அந்த ஒரே கம்பெனி ஜெர்மனியில் போஹும், ருமேனியாவில் க்ளூஜ், பின்லாந்தில் சாலோ, கடைசியாக நம் ஸ்ரீபெரும்புதூர் என்று வரிசையாக உற்பத்தியை நிறுத்தியது. எல்லா இடத்திலும் செய்தது கைபேசிதான், மூடியதும் ஒரே முதலாளிதான், சமாளித்த அரசுகள் மட்டும் வேறு வேறு. யார் என்ன செய்தார்கள், அது யாரைப் போய்ச் சேர்ந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதியான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

போஹும் ஒரு காலத்தில் நிலக்கரி ஊர். ரூர் பகுதிச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தபோது, ஒரு பழைய சுரங்க நிலத்திலேயே 1962-ல் ஓப்பெல் கார் ஆலை வந்தது. சுரங்கம் போனால் கார் என்ற ஏற்பாடு அது. அப்புறம் கைபேசி ஆலை, அதற்கு மாநிலமும் மத்திய அரசும் சேர்ந்து தொண்ணூறுகளில் சுமார் 8.8 கோடி யூரோ மானியம் கொடுத்தன. கவனிக்க வேண்டியது, அந்த மானியத்தோடு ஒரு நிபந்தனை ஒட்டியிருந்தது: குறிப்பிட்ட ஆண்டுவரை குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆட்களை வைத்திருக்க வேண்டும். 2008 ஜனவரியில் நோக்கியா “மூடுகிறோம், ருமேனியாவுக்குப் போகிறோம்” என்றபோது அங்கே சுமார் 2,300 நிரந்தர ஊழியர்கள். முந்தைய வருடம் கம்பெனியின் லாபம் 720 கோடி யூரோ. ஊரே கொந்தளித்தது, அரசியல் தலைவர்கள் இனி நோக்கியா போனே வேண்டாம் என்று பேட்டி கொடுத்தார்கள். அந்த நாடகத்தை விட்டுவிடலாம். உருப்படியாக நடந்தது வேறு. சொன்ன எண்ணிக்கையில் ஆள் வைத்திருக்கவில்லை என்று மாநில அரசு மானியத்தை வட்டியோடு திருப்பிக் கேட்டது. பேச்சுவார்த்தை நடந்து, கடைசியில் போஹும் வளர்ச்சிக்கான ஒரு திட்டத்துக்கு நோக்கியா 2 கோடி யூரோ கொடுத்தது. அது இல்லாமல் ஊழியர்களுக்கான செட்டில்மென்ட் தனியாக 20 கோடி யூரோ. கேட்டதில் ஒரு பங்குதான் கிடைத்தது, ஆனால் கேட்பதற்குக் கையில் ஒரு காகிதம் இருந்தது பாருங்கள், அதுதான் விஷயம்.

ஜெர்மனியில் இன்னொரு ஏற்பாடு உண்டு, அது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆலை மூடும்போது ஆட்களை நேராகத் தெருவுக்கு அனுப்பாமல், இடைக்காலமாக ஒரு தனிக் கம்பெனி அமைத்து எல்லோரையும் அதில் ஊழியராகச் சேர்த்துவிடுவார்கள். அதிகபட்சம் 12 மாதம். அரசின் வேலைவாய்ப்பு நிறுவனம் முந்தைய நிகரச் சம்பளத்தில் 60 முதல் 67 சதவீதம் கொடுக்கும், மூடுகிற கம்பெனி அதற்கு மேல் கொஞ்சம் போட்டுக் கொடுக்கும், அந்த ஒரு வருடத்தில் பயிற்சி, வேலை தேடல் எல்லாம் நடக்கும். வேலையில்லாதவராகப் போய் வேலை கேட்பதற்கும், ஒரு இடத்தில் ஊழியராக இருந்துகொண்டே வேலை கேட்பதற்கும் இருக்கிற வித்தியாசம் ஆள் எடுக்கிறவர்களுக்குத்தான் தெரியும். இதோடு ஐரோப்பிய ஒன்றியத்தின் உலகமயச் சரிக்கட்டு நிதியிலிருந்து 50 லட்சம் யூரோவுக்கு மேல் வந்தது, அதுவும் ஊருக்கு இல்லை, பெயர் பெயராகத் தொழிலாளர்களுக்கு, 1,300-க்கும் மேற்பட்டவர்களுக்கு.

அப்படியும் எல்லோரும் கரையேறிவிட்டார்களா என்றால் இல்லை. போஹுமில் நோக்கியாவின் ஆராய்ச்சிப் பிரிவும் இருந்தது. அந்த இன்ஜினியர்களைப் பிளாக்பெர்ரி எடுத்துக்கொண்டது, 2014-ல் அந்த மையத்தையே ஃபோக்ஸ்வாகன் வாங்கிக் கார் மென்பொருள் நிறுவனமாக்கியது. அதே 2014 டிசம்பரில் ஓப்பெல் ஆலையும் மூடியது. அந்த நிலத்தை நகராட்சியும் ஓப்பெலும் கூட்டாக ஒரு நிறுவனம் அமைத்துச் சுத்தம் செய்து பிரித்துக் கொடுத்தன. இன்று அங்கே டிஎச்எல் பார்சல் மையம் இருக்கிறது, பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன, மேலே சொன்ன ஃபோக்ஸ்வாகன் நிறுவனமும் இருக்கிறது. நிலம் நன்றாகப் பிழைத்துக்கொண்டது. இன்ஜினியரும் பிழைத்துக்கொண்டார். லைனில் ஸ்க்ரூ போட்டவருக்குப் பார்சல் மையம் கிடைத்திருந்தால் அதிர்ஷ்டம்.

ருமேனியாவைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். க்ளூஜ் பக்கத்தில் ஜூகு என்ற கிராமத்தில் மாவட்ட நிர்வாகம் ஒரு தொழிற்பேட்டையே தயார் செய்து கொடுத்தது, 2008-ல் உற்பத்தி தொடங்கி 2011 கடைசியில் நிறுத்திவிட்டார்கள். 2,200 பேர். ஆனால் கட்டடமும் சாலையும் மின்சாரமும் புதுசு, ஊர்ப் பக்கத்தில் பல்கலைக்கழகம், கூலி குறைவு. காபி மெஷின் செய்யும் டிலோங்கி அந்தக் கட்டடத்தையே வாங்கியது, பாஷ் கம்பெனி பக்கத்திலேயே ஆலை போட்டது. இடைவெளி ஒன்றிரண்டு வருடம்தான். இந்த இடைவெளி என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நம் கதையில் அதுதான் வில்லன்.

சாலோ சுமார் 55,000 பேர் உள்ள சின்ன நகரம், நோக்கியாவைச் சுற்றியே வாழ்ந்தது. 2012-ல் உற்பத்தி நின்றது. பின்லாந்து அரசு அந்தப் பகுதியைத் திடீர் பாதிப்புக்குள்ளான பகுதி என்று அறிவித்துத் தனி நிதி ஒதுக்கியது. கம்பெனியும் போஹுமில் பட்ட அவமானத்துக்குப் பிறகு 2011-ல் ‘பிரிட்ஜ்’ என்ற திட்டத்தைத் தொடங்கியிருந்தது: வெளியே போகிறவர் தொழில் தொடங்கினால் ஆளுக்கு 25,000 யூரோ வரை, அது தவிர பயிற்சி, வேறு கம்பெனிகளோடு பேசி வேலை வாங்கித் தருவது. பல நாடுகளில் சேர்த்து சுமார் 1,000 சின்னக் கம்பெனிகள் இதில் உருவாயின. நல்ல திட்டம்தான். ஆனாலும் இதில் அதிகம் பயன் பெற்றது மென்பொருள் தெரிந்தவர்கள். சாலோவில் மிச்சமிருந்த ஆராய்ச்சிப் பிரிவையும் 2015-ல் மைக்ரோசாஃப்ட் மூடியது, 2019-ல்தான் அதே வளாகத்தில் வால்மெட் என்ற கம்பெனி கார் பேட்டரி செய்யத் தொடங்கியது. நோக்கியாவின் சொந்த நாடு, பணக்கார நாடு, அங்கேயே ஏழு வருடம்.

இப்போது நம் ஊர்.

2005-ல் தமிழ்நாடு அரசோடு புரிந்துணர்வு ஒப்பந்தம், 2006 தொடக்கத்தில் உற்பத்தி. சிப்காட்டில் சுமார் 200 ஏக்கர் நீண்டகாலக் குத்தகைக்கு, சிறப்புப் பொருளாதார மண்டல அந்தஸ்து, உள்நாட்டு விற்பனைக்குக் கட்டும் மதிப்புக்கூட்டு வரியைத் திருப்பித் தருவது என்று கேட்டதெல்லாம் கொடுத்தார்கள். உச்சத்தில் நேரடியாகவே 8,000 பேர் அளவுக்கு வேலை பார்த்தார்கள், ஃபாக்ஸ்கான், சால்காம்ப் என்று உதிரிபாகம் செய்தவர்கள் அதே வளாகத்தில் தனி. லைனில் பெரும்பாலும் பெண்கள். பிளஸ் டூ முடித்த பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். அரக்கோணம், திருவள்ளூர், காஞ்சிபுரம், அதற்கு அப்பால் வேலூர்ப் பக்கத்திலிருந்தெல்லாம் கம்பெனி பஸ் போய் ஏற்றிக்கொண்டு வரும். காலை ஷிஃப்டுக்கு விடிவதற்கு முன்னாலேயே மெயின் ரோட்டில் டிபன் பையோடு நிற்பார்கள், கூட அப்பாவோ தம்பியோ துணைக்கு டார்ச் லைட்டோடு நிற்பார். அந்தப் பஸ் வருகிற ரோட்டில் டீக்கடை அதிகாலையிலேயே திறந்துவிடும். பஸ் நின்ற பிறகு அந்தக் கடைகள் எப்போது திறந்தன என்று யாரும் கணக்கு எடுக்கவில்லை, எடுத்திருக்க வேண்டும்.

ஏன் மூடினார்கள் என்பதில் ஊரில் இரண்டு கட்சி உண்டு. “வரித்துறைதான் கெடுத்தது” என்பது ஒன்று, “கம்பெனியே தோற்றுப்போன கம்பெனி” என்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்துதான் நடந்தது என்பது என் அபிப்பிராயம். ஸ்மார்ட்போனில் பின்தங்கிய நோக்கியா தன் கைபேசித் தொழிலையே 2013 செப்டம்பரில் மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக அறிவித்தது. அதற்கு முன்பே, மென்பொருளுக்காகத் தாய்க் கம்பெனிக்கு அனுப்பிய பணத்தில் வரி பிடிக்கவில்லை என்று வருமான வரித்துறை சுமார் 2,080 கோடி ரூபாய் கேட்டிருந்தது. சொத்து முடக்கப்பட்டது. ஆலையைக் கைமாற்ற வேண்டுமானால் 3,500 கோடிக்கு உத்தரவாதம் தர வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது, நோக்கியா தரவில்லை. அதே சமயத்தில் மாநில வணிகவரித்துறையும், ஏற்றுமதி என்று காட்டிய போன்கள் உள்நாட்டிலேயே விற்கப்பட்டன என்று 2,400 கோடி கேட்டது. ஆக ஏப்ரலில் நோக்கியாவின் மற்ற ஆலைகளில் பெரும்பாலானவை மைக்ரோசாஃப்டுக்குப் போனபோது ஸ்ரீபெரும்புதூர் வாலறுந்து தனியாக நின்றது. கொஞ்ச நாள் மைக்ரோசாஃப்டுக்கே ஒப்பந்தத்தில் செய்து கொடுத்தார்கள், ஆர்டர் குறைந்தது, 2014 நவம்பர் 1 அன்று லைன் நின்றது. டிசம்பர் கடைசியில் பக்கத்து ஃபாக்ஸ்கானும் நிறுத்தியது, அதில் இன்னும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள்.

இதில் ஒன்று பலருக்குத் தெரியாது. நவம்பரில் மூடும்போது உள்ளே மிச்சமிருந்தது ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அதற்கு முன்பே வி.ஆர்.எஸ்., அதாவது விருப்ப ஓய்வு, வாங்கிப் போய்விட்டார்கள். இது தற்செயல் இல்லை. அன்றிருந்த தொழில் தகராறு சட்டப்படி 100 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலையை மூட அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். ஆனால் தொழிலாளி தானாக ராஜினாமா செய்தால் அது ஆட்குறைப்பு ஆகாது, மூடலும் ஆகாது. அதனால் முதலில் வி.ஆர்.எஸ். கவுன்டர்தான் திறப்பார்கள், ஆலை காலியான பிறகுதான் பூட்டு வரும். அரசு தலையிட வேண்டிய நேரம் வரும்போது தலையிடுவதற்கு ஆளே இருக்க மாட்டார்கள். நம் சட்டம் ரொம்பக் கடுமையானது என்று முதலாளிகள் சங்கம் வருடாவருடம் சொல்லும், நடைமுறையில் நான் பார்த்தவரை பெரிய கம்பெனி எதையும் அந்தச் சட்டம் நிறுத்தியதில்லை.

அப்புறம் அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள்? ஒரு பகுதி கல்யாணமாகிப் போய்விட்டார்கள், ஒரு பகுதி ஜவுளிக்கடை, மருந்துக்கடை, தனியார் பள்ளி என்று பாதிச் சம்பளத்துக்குப் போனார்கள், கொஞ்சம் பேர் நர்சிங் மாதிரி ஏதாவது படித்தார்கள். எங்களிடம் பயோடேட்டா எடுத்துக்கொண்டு வந்தவர்கள் ஏராளம். போர்டில் பாகம் பொருத்துவது, டெஸ்டிங், தரப் பரிசோதனை எல்லாம் கைவந்தவர்கள், ஒரு ட்ரெய்னிக்கு மூன்று மாதம் ஆகிற வேலையை முதல் நாளே செய்வார்கள். ஆனால் கம்பெனிகள் எங்களுக்கு அனுப்பும் தேவைப் பட்டியலில் இருந்தது “பெண், 18 முதல் 24, ஃப்ரெஷர்”. அனுபவம் உள்ளவர் என்றால் அதற்கேற்ற சம்பளம் கேட்பார், பழைய இடத்தில் சங்கத்தில் இருந்திருப்பார், குழந்தைக்குக் காய்ச்சல் என்று லீவு போடுவார். இதையெல்லாம் யாரும் எழுத மாட்டார்கள், போனில் சொல்வார்கள். “நோக்கியா ஆளுங்க வேண்டாம் சார், ரூல்ஸ் பேசுவாங்க” என்று ஒரு மேனேஜர் வெளிப்படையாகவே சொன்னார்.

ஆலை ஐந்து வருடம் சும்மா கிடந்தது. வரித் தகராறு 2018-ல்தான் இந்தியா, பின்லாந்து இரண்டு அரசுகளும் பேசி முடிந்தது, சுமார் 1,600 கோடிக்குச் செட்டில் ஆனது. 2019 நவம்பரில் அந்தக் கட்டடத்தைச் சால்காம்ப் எடுத்துக்கொள்வதாக மத்திய அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் அறிவித்தார், 2,000 கோடி முதலீடு, 10,000 பேருக்கு வேலை என்றார்கள். அதற்குள் ஃபாக்ஸ்கான் திரும்பி வந்து ஐபோன் செய்ய ஆரம்பித்திருந்தது. 2020-ல் மத்திய அரசு உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகை கொண்டுவந்தது, கூடுதல் விற்பனையில் 4 முதல் 6 சதவீதம், மொத்த ஒதுக்கீடு சுமார் 41,000 கோடி ரூபாய். அடுத்து மகேந்திரா வேர்ல்ட் சிட்டியில் பெகாட்ரான் வந்தது. இன்று ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கானில் மட்டும் பல பத்தாயிரம் பேர். எண்ணிக்கையில் பார்த்தால் நோக்கியா போனது ஒரு பொருட்டே இல்லை, இழந்ததைவிடப் பல மடங்கு திரும்ப வந்திருக்கிறது. நான் இதைக் குறை சொல்லவில்லை, என் வயிற்றுப்பிழைப்பும் அதில்தான் இருக்கிறது.

ஆனால் 2006-ல் பத்தொன்பது வயதில் சேர்ந்த பெண்ணுக்கு 2019-ல் முப்பத்திரண்டு. புதிய ஆலைகளின் ஆள் எடுக்கும் முறைக்கு அவர் பொருந்தவே மாட்டார். ஃபாக்ஸ்கான் ஆலைக்கு ஆள் எடுக்கும்போது திருமணமான பெண்களைத் தவிர்க்கிறார்கள் என்று 2024-ல் ராய்ட்டர்ஸ் எழுதியதும் டெல்லி பதறி மாநிலத் தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது, கம்பெனி குற்றச்சாட்டை மறுத்தது. அதே வருடம் ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாயில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை முதல்வர் திறந்துவைத்தார். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டில் விஷமாகிப் பெண்கள் சாலைக்கு வந்த பிறகு அப்படி ஒரு விடுதி கண்டிப்பாகத் தேவைப்பட்டது, நல்ல காரியம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், வேலையோடு சேர்த்துக் கட்டில் கொடுக்கிற ஏற்பாடு யாருக்கானது? தூரத்து மாவட்டத்திலிருந்து வரும், குடும்பம் இல்லாத, இரண்டு மூன்று வருடத்தில் போய்விடுகிற பிள்ளைக்கானது. அரசின் ஊக்கத்தொகை விதிகள் முதலீட்டையும் விற்பனையையும் அளக்கின்றன, எந்த வயதில் யாரை எடுத்தாய் என்று கேட்பதில்லை. பழைய ஆலைத் தொழிலாளருக்கு இத்தனை சதவீதம் என்று அதில் ஒரு வரி இல்லை. கேட்காததை எந்தக் கம்பெனி தானாகக் கொடுக்கும்?

ஃபோர்டு கதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது. 2021 செப்டம்பர் 9 அன்று மறைமலை நகர், குஜராத்தின் சானந்த் இரண்டு ஆலைகளிலும் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தார்கள். சானந்தில் என்ன நடந்தது என்றால், கார் ஆலையை டாடா 725.7 கோடிக்கு வாங்கியது, குஜராத் அரசு நடுவில் உட்கார்ந்து அனுமதிகளை மாற்றிக் கொடுத்தது, தகுதியுள்ள ஊழியர்கள் எல்லோருக்கும் அதே இடத்தில் வேலை என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டது. 2023 ஜனவரியில் கைமாறியது. ஒரு மூடலில் வேலை அதே ஆளுக்கே போய்ச் சேர்ந்த அபூர்வ உதாரணம் இது. மறைமலை நகருக்கும் டாடாவோடு பேச்சு ஓடியது, நடக்கவில்லை. 2022 ஜூலையில் கடைசிக் கார் வெளியே வந்தது. தொழிலாளர்கள் வாரக்கணக்கில் போராடி, ஒவ்வொரு வருடச் சர்வீஸுக்கும் சராசரியாக 130 நாள் சம்பளம் என்ற கணக்கில் வாங்கினார்கள், குறைந்தது 34.5 லட்சம், அதிகபட்சம் 86.5 லட்சம். சட்டம் சொல்வது வருடத்துக்கு 15 நாள்தான், ஆக இது பெரிய தொகை. நோக்கியா பெண்கள் வாங்கிய சில லட்சங்களோடு ஒப்பிட்டால் எங்கேயோ. நிரந்தரத் தொழிலாளி, ஆண், நாற்பது வயதுக்கு அருகில், பலமான சங்கம் என்றால் இந்த அளவுக்குப் பேரம் பேச முடியும். அதே கேட்டுக்குள் கான்ட்ராக்டில், கேன்டீனில், வண்டி ஓட்டுவதில் இருந்தவர்களுக்கு அடுத்த மாதச் சம்பளமே இல்லை. உதிரிபாகக் கம்பெனிகளில் இருந்த ட்ரெய்னிகள் எந்தப் பட்டியலிலும் வரவில்லை.

இனி ஃபோர்டு திரும்ப வருகிறது. 2025 அக்டோபரில் ஒப்பந்தம், 3,250 கோடி ரூபாய், 2029-லிருந்து ஆண்டுக்கு 2,35,000 இன்ஜின்கள், 600-க்கு மேற்பட்ட வேலைகள். மூடும்போது மறைமலை நகரில் நிரந்தரத் தொழிலாளர் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேல். 2022-ல் நாற்பது வயதானவருக்கு 2029-ல் அழைத்தால் நாற்பத்தேழு ஆகியிருக்கும்.

நம்மிடம் ஆளைப் பார்த்து உதவுகிற திட்டமே இருந்ததில்லை என்று நினைக்க வேண்டாம். மில்கள் மூடிய காலத்தில், 1986-ல், ஜவுளித் தொழிலாளர் மறுவாழ்வு நிதி என்று ஒன்று கொண்டுவந்தார்கள். தனியார் மில் நிரந்தரமாக மூடினால் தொழிலாளிக்கு முதல் வருடம் சம்பளத்தில் 75 சதவீதம், இரண்டாம் வருடம் 50, மூன்றாம் வருடம் 25. யோசனை ஜெர்மன்காரன் செய்வதற்குக் குறைந்ததில்லை. ஆனால் மில் அதிகாரபூர்வமாக மூடியதாக உத்தரவு வேண்டும், பாதி மில்கள் மூடாமலே செத்துக்கிடந்தன, காகிதம் வருவதற்குள் தொழிலாளி வேறு ஊருக்குப் போயிருப்பார். 1992-ல் தேசியப் புதுப்பிப்பு நிதி வந்தது, மறுபயிற்சிக்கு என்று சொல்லி ஆரம்பித்த அந்தப் பணத்தில் பெரும்பகுதி பொதுத்துறையின் வி.ஆர்.எஸ்.க்கே போனது, 2000-ல் அதை மூடிவிட்டார்கள். இப்போது இஎஸ்ஐயில் இருப்பவருக்கு அடல் திட்டத்தில் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம் கிடைக்கும், ஆனால் மாதம் 21,000-க்கு மேல் வாங்கினால் இஎஸ்ஐயே கிடையாது.

2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் மறுபயிற்சி நிதி என்று ஒன்று இருக்கிறது, இதைப் பெரிய சாதனையாகச் சொல்கிறார்கள். ஆட்குறைப்பு செய்யும் முதலாளி ஒரு தொழிலாளிக்கு 15 நாள் சம்பளம் கட்ட வேண்டும், அது தொழிலாளியின் கணக்குக்கு 45 நாளில் வரும். மாதம் 20,000 வாங்கியவருக்குப் பத்தாயிரம் சொச்சம். அதை வைத்து என்ன பயிற்சி எடுப்பது? அதைவிட முக்கியம், ஆட்குறைப்புக்கு மட்டும்தான் இது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மேலே சொன்ன வி.ஆர்.எஸ். வழியில் போனால் அந்தப் பதினைந்து நாளும் இல்லை. அதே சட்டம் மூடலுக்கான முன் அனுமதி வரம்பையும் 100 பேரிலிருந்து 300 பேருக்கு உயர்த்திவிட்டது.

சரி, அரசு என்னதான் செய்ய முடியும் என்று கேட்டால், என் பட்டியல் சின்னது. மானியம் கொடுக்கிறபோதே, “இத்தனை பேரை இத்தனை வருடம் வைத்திரு, இல்லையென்றால் வட்டியோடு திருப்பிக் கொடு” என்று எழுதி வாங்குவது. வரித் தகராறில் சொத்தை முடக்கினாலும் ஆலை கைமாற வழி விடுவது, பணத்தை விற்பனைத் தொகையிலிருந்து பிடித்துக்கொள்ளலாமே, கட்டடத்தைப் பூட்டிவைத்து ஐந்து வருடம் வீணடித்ததில் வரித்துறைக்கு என்ன லாபம்? அப்புறம் வி.ஆர்.எஸ். கவுன்டர் திறந்த அன்றே மூடல் தொடங்கிவிட்டதாகக் கணக்கு எடுத்துக்கொள்வது. வேலைவாய்ப்பு முகாமில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆயிரம் பேர் வரிசையில் நின்று படிவம் கொடுப்பார்கள், ஸ்டால் போட்ட கம்பெனியின் பட்டியலில் வயது வரம்பு அதே 24 தான் இருக்கும்.

உங்கள் வீட்டில் யாராவது இப்படி ஒரு வி.ஆர்.எஸ். காகிதத்தோடு உட்கார்ந்திருந்தால் கையெழுத்துப் போடுமுன் இரண்டு விஷயம் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வருமான வரிச் சட்டத்தில் வி.ஆர்.எஸ். தொகைக்கு 5 லட்சம் வரை விலக்கு உண்டு, ஆனால் 10 வருடச் சர்வீஸ் அல்லது 40 வயது என்று ஒரு விதி அதில் ஒளிந்திருந்தது. அதன்படி பார்த்தால் 2006-ல் சேர்ந்து 2014-ல் வெளியே வந்த இளம் தொழிலாளிக்கு இரண்டுமே இராது. உங்களுக்கு இப்போது எந்த விதி பொருந்தும் என்று ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுத் தொகையைப் பேசுங்கள், கையில் வருவது எவ்வளவு என்பதே மாறிவிடும்.

இரண்டாவது, திரும்ப அழைக்கப்படும் உரிமை. ஆட்குறைப்பில் போனவருக்கு, அதே முதலாளி மறுபடி ஆள் எடுக்கும்போது முன்னுரிமை தர வேண்டும் என்று பழைய சட்டத்தில் இருந்தது. புதிய சட்டத்தில் அது ஒரு வருடத்துக்குள் எடுத்தால்தான். ராஜினாமா எழுதிக் கொடுத்துப் போனவருக்கு எதிலும் இல்லை. ஆகவே மறைமலை நகரில் 2029-ல் வரப்போகிற அந்த 600 வேலைகள்மேல் பழைய ஃபோர்டு தொழிலாளி யாருக்கும் சட்டப்படி எந்தப் பிடியும் கிடையாது. அரசு கொடுக்கும் சலுகைகளுக்கான ஆணையில் “பழைய தொழிலாளருக்கோ அவர்கள் பிள்ளைகளுக்கோ இத்தனை இடம்” என்று ஒரு வரி சேர்த்தால்தான் உண்டு. உற்பத்தி தொடங்க இன்னும் காலம் இருக்கிறது, ஆள் எடுப்பு தொடங்குவதற்கு முன் அதைச் சேர்க்க முடியும். சங்கத்துக்காரர்கள் யாராவது உங்களுக்குப் பழக்கம் என்றால் அவர்களிடம் இதைச் சொல்லுங்கள், தொகுதி எம்எல்ஏவிடம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.